ஜன்னல் பக்கக் கன்னம்

ஜனவரி 18

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எனக்கு முழங்கால் வலி, பஸ்ஸுக்கு பிரேக் தேய்மானம். மற்றபடி இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

இது ஐந்தாவது கடிதம். முதல் நாலுக்கும் பதில் இல்லை. தபால்காரர் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். அவர் தினமும் என் பஸ்ஸில்தான் வருகிறார், நல்ல மனிதர், மனசு வரவில்லை. ஃபோன் பண்ணலாம் என்றால் என் காது உனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷம் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது. நான் "ஆ? ஆ?" என்று கேட்க, நீ கத்திக் கத்திச் சொல்ல, கடைசியில் சாப்பிட்டாச்சா என்ற ஒரு விஷயத்தை மட்டும் தீர்மானம் செய்துவிட்டு வைப்போம்.

போன மே மாதம் ஆஸ்பத்திரியில் நான் பேசியதைப் பற்றி அந்த நாலு கடிதத்திலும் சுற்றி வளைத்துத்தான் எழுதினேன். இப்போது நேராக எழுதிவிடுகிறேன். இரண்டாவது தடவையும் குழந்தை தங்கவில்லை. நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் வந்து நின்று, "விடும்மா, எங்க டிப்போ வண்டியெல்லாம் மூணாவது தடவைதான் ஸ்டார்ட் ஆகும்"னு சொன்னேன். நீ திரும்பவே இல்லை. மாப்பிள்ளைதான் டீ குடிக்கலாம் என்று என்னை வெளியே அழைத்துப் போனார். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை அந்த அறை வாசலிலேயே நிறுத்தியிருப்பாள்.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றிய சேதி எல்லாம் யாரோ சொல்லித்தான் எனக்கு வருகிறது. நீ வேலை மாறியதைக்கூட உன் பழைய சிநேகிதியின் அப்பா சொன்னார், அதுவும் பஸ்ஸில் சில்லறை கேட்டுக்கொண்டே. இனிமேல் உன் வீட்டில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும், அதை நீயே எனக்குச் சொல்ல வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. கேட்டாலும் நடுவில் ஒரு கிண்டல் புகுந்து கெடுத்துவிடும். அதனால் ஒரு ஃபோட்டோ வைத்திருக்கிறேன். டிப்போவில் புது அடையாள அட்டைக்காக எடுத்தது. ஜன்னல் பக்கக் கன்னத்துக்கு எழுபது வயசு, உள்பக்கக் கன்னத்துக்கு ஐம்பது. அப்பாவும் பிள்ளையும் ஒரே சட்டையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. டிப்போ டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, பயப்படும்படி எதுவும் இல்லை, வெயில் தின்ற தோல், என்றார்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அப்பா


பிப்ரவரி 12

அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஃபோட்டோ வந்தது. சிரிப்பு வரவில்லை. நான் இப்போது ஒரு தோல் மருத்துவமனையின் மருந்தகத்தில் இருக்கிறேன். இங்கே இருக்கும் டாக்டரிடம் உங்கள் ஃபோட்டோவைக் காட்டினேன். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஜன்னல் பக்கம் மட்டும் தோல் முற்றிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறாராம். எப்படியும் அங்கே ஒரு தோல் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டச் சொன்னார்.

இதோடு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். முற்றிய தோலைச் சரிசெய்கிற ரெட்டினாய்டு வகை, இருப்பதிலேயே குறைந்த சக்தி உள்ளது. எனக்காக வாங்கியது. பெட்டியைப் பிரிக்கவில்லை. எனக்கு இப்போது வேண்டாம்.

ராத்திரி முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும். கண், உதடு ஓரம் வேண்டாம். அதற்கு மேல் மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். இரண்டும் பெட்டியோடு இருக்கின்றன. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

வேலை அதிகம். இவ்வளவுதான் எழுத முடிகிறது.

மகள்


பிப்ரவரி 24

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் கேட்கிறது. உன் உடம்பு எப்படி? கடிதத்தில் எழுத்தெல்லாம் சரிந்து சரிந்து இருக்கிறது. தூக்கத்தில் எழுதினாயா?

பார்சல் வந்த அன்றைக்கு நான் டிப்போவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். என் மகள் அனுப்பினாள், என் மகள் அனுப்பினாள் என்று பஞ்சர் ஒட்டுகிறவர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. என்ன அனுப்பினாள் என்று கேட்டதற்குத்தான் முழித்தேன். மூஞ்சிக்குப் பூசுகிற கிரீம் என்று ஒரு டிரைவர் எப்படிச் சொல்லுவான்? மூட்டுவலிக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பட்டாணி என்றாயே, காய்ந்த பட்டாணியா, ஊறவைத்த பட்டாணியா? இரண்டுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம் உண்டு. ஆறாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் என்னை இதே மாதிரி கேள்விக்குத்தான் வெளியே நிற்க வைத்தார்.

உனக்கு ஏன் வேண்டாம் என்று எழுதவில்லையே. ஒத்துக்கொள்ளவில்லையா?

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். எட்டு தடவை என்றால் ரொம்ப ஏங்கின மாதிரி ஆகிவிடும், நாலு என்றே வைத்துக்கொள்.

உன் அப்பா


மார்ச் 10

அப்பாவுக்கு,

காய்ந்த பட்டாணி. ஊறவைக்காதது.

எனக்கு வேறு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். நின்றே பார்க்கிற வேலை, வீட்டுக்கு வந்தால் களைப்பு. வேறு ஒன்றுமில்லை.

அளவைக் கூட்டாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மகள்


ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம், கழுத்துக்குக் கீழே.

முதல் இரண்டு வாரம் நீ சொன்னபடியே நடந்தேன். சத்தியமாக. தினமும் கண்ணாடி பார்த்தேன். எழுபது எழுபதாகவே இருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: மேடு ஏறவில்லை என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது. நல்ல கன்னத்துக்கு எதற்கு வீண் செலவு என்று அதை விட்டுவிட்டேன். மொத்தத்தையும் ஜன்னல் பக்கக் கன்னத்தில், ராத்திரி ஒரு தடவை, காலை முதல் ட்ரிப்புக்கு முன்னால் ஒரு தடவை. பட்டாணி இல்லை. நெல்லிக்காய் என்று வைத்துக்கொள். சன்ஸ்கிரீனை மறந்துவிட்டேன். எந்த முகத்தோடு இதை எழுதுகிறேன் என்று கேட்காதே, அதுதான் இப்போது பிரச்சினை.

கன்னம் தக்காளி. தண்ணீர் பட்டால் எரிகிறது. பழைய சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி உரிந்து, சட்டைக் காலரில் விழுகிறது. எங்கள் கண்டக்டர், "அண்ணே, சிவப்பு சிக்னலை மூஞ்சியிலயே மாட்டிக்கிட்டு வண்டிய நிறுத்தாமப் போறீங்களே"ங்கிறார். முன் சீட்டில் உட்கார வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டு வந்தார்கள்.

அவசரம் எதற்கு என்று கேட்பாய். அடுத்த ஃபோட்டோவைச் சீக்கிரம் அனுப்பலாம் என்றுதான். அதற்கும் ஒரு பதில் வரும் அல்லவா.

தக்காளி அப்பா


ஏப்ரல் 14

அப்பாவுக்கு,

நான் சொன்னதில் எதைத்தான் கேட்டீர்கள்? உங்கள் கடிதத்தைக் கவுன்டரில் வைத்தே படித்தேன். மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

இன்றைக்கே நிறுத்துங்கள். சிவப்பு முழுசாகப் போகும்வரை மாய்ஸ்சரைசர் மட்டும், காலையும் ராத்திரியும். சோப்பு வேண்டாம். அதற்குப் பிறகு மறுபடி தொடங்கலாம், வாரத்துக்கு இரண்டே ராத்திரி. முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் களிம்பு, அதன் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். அப்போது எரிச்சல் குறையும். ஒரு கன்னம் மட்டும் என்பதெல்லாம் கிடையாது, முழு முகமும். ஒரு மாதம் ஒத்துக்கொண்டால்தான் மூன்றாவது ராத்திரி. அதிகமாகப் பூசினால் சீக்கிரம் குணமாகாது அப்பா, தோல்தான் உரியும். இங்கே தினமும் இதே கதையோடு பத்துப் பேர் வருகிறார்கள். கொஞ்சமாக, மாதக்கணக்காகப் போட்டவர்கள் கடைசியில் அதே பலனோடு போகிறார்கள், அழாமல். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக என் அப்பாவும் இருப்பார் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படியுங்கள். எழுத்து பொடியாக இருக்கும். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எரிச்சல் தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். வேலைக்கு லீவு போடுங்கள். எனக்கு எழுதுங்கள்.

மகள்


ஏப்ரல் 25

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதுவது.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உங்கள் அச்சகத்து முகவரிக்கு எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மகள் ஒரு தாளைப் படிக்கச் சொல்லியிருந்தாள். என் கண்ணுக்கு அந்த எழுத்து எட்டாது. டிப்போ ஓய்வறையில் கண்டக்டரிடம் கொடுத்தேன். என் காதுக்காக அவர் சத்தம் போட்டுப் படித்தார். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள், என் மூட்டுவலி ரகசியம் அங்கேயே உடைந்தது. அதை விடுங்கள். படித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றார். கர்ப்பமாக இருக்கிறவர்களும், கர்ப்பம் தரிக்க எண்ணுகிறவர்களும் இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. "அண்ணே, இதுல மட்டும் நீங்க தப்பிச்சீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கு நின்றுவிட்டது.

பிரிக்காத பெட்டி. எனக்கு இப்போது வேண்டாம் என்றாள். களைப்பு என்றாள்.

எனக்குப் படிப்பு கம்மி. ஆனால் இத்தனை வருஷம் போர்டு பார்த்து ஓட்டியவன். நான் அவளிடம் கேட்க மாட்டேன். அவள் சொல்லாததை நான் தெரிந்துவைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். ஒருமுறை வாயைத் திறந்து கெடுத்தது போதும். நீங்கள் எனக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நன்றாக இருக்கிறாளா?

உங்கள் மாமா


மே 3

மாமா அவர்களுக்கு வணக்கம்.

நன்றாக இருக்கிறாள். நாலாவது மாதம் முடியப்போகிறது.

போன தடவை ஆறாவது மாதத்தில் ஆனது உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டும்வரை நாங்கள் இரண்டு பேரும்கூட அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. வேலையிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றாமல் அரைமணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் பாத்திரம் கழுவுகிறேன். தண்ணீர்ச் சத்தம் இருந்தால் இரண்டு பேருக்கும் பேச வேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் கடிதங்களைச் சமையலறையில் காலி டப்பா ஒன்றில் வைத்திருக்கிறாள். பழைய நாலும் அதில் உண்டு. பிரித்துப் படித்தவைதான்.

நான் எதுவும் சொல்லமாட்டேன். முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


மே 20

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி களிம்பை நிறுத்தினேன். சிவப்பு போய்விட்டது. இங்கே தோல் டாக்டரிடமும் காட்டினேன். குறைந்த அளவில் தொடரலாம் என்றார். மே 9 முதல் செவ்வாய், வெள்ளி இரண்டு ராத்திரி மட்டும் போடுகிறேன். முழு முகத்துக்கும் பட்டாணி அளவு. எரிச்சல் இல்லை. சன்ஸ்கிரீன் தினமும் போடுகிறேன்.

வெயில் அதிகமாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி. கனமான எதையும் தூக்காதே. மாடிப்படியில் பார்த்து நட.

பதில் எழுத நேரம் இல்லை என்றால் எழுத வேண்டாம்.

உன் அப்பா


ஜூன் 28

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நலம். உங்கள் நலம் தெரிந்தால் மகிழ்ச்சி.

இந்த மாதம் முதல் வாரத்துக்கு மூன்று ராத்திரி போடுகிறேன். ஒத்துக்கொள்கிறது. டாக்டர் திருப்தி என்றார். மழை தொடங்கிவிட்டது. ட்ரிப் எல்லாம் தாமதமாகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


ஆகஸ்ட் 2

அப்பா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து இப்படித்தான் இருக்கும். ஏழு மாதம் முடிந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் கொஞ்சம் பயமாகிவிட்டது. இப்போது பரவாயில்லை. பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போவதில்லை. குழந்தை அசைகிறது.

உங்களிடம் நானே சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு முன்னாடியே தெரியும் என்பது எனக்கும் தெரியும். மே மாதக் கடிதத்தைப் படித்தபோது யாரோ டிப்போ ஆபீசிலிருந்து எழுதிய மாதிரி இருந்தது. ஜூன் கடிதம் அதைவிட மோசம். என் அப்பா மழையைப் பற்றி எழுதி அதில் ஒரு கிண்டல்கூட இல்லாமல் முடித்ததை நான் பார்த்ததில்லை. இவரைக் கேட்டேன். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது. அந்தத் தாளைப் படிக்கச் சொன்னது, அதில் கர்ப்பத்தைப் பற்றிய வரி இருப்பதைக் கோபத்தில் மறந்துபோயா, இல்லை உங்களுக்குத் தெரியட்டும் என்றேவா, எனக்கே தெரியவில்லை.

அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அதை நினைத்துக்கொண்டு எத்தனையோ நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். ஆனால் இந்த மூன்று மாதமாக நீங்கள் காட்டுகிற மரியாதை அதைவிடப் பயமாக இருக்கிறது. அப்பாவே பேச்சை நிறுத்திவிட்டார் என்றால், இதுவும் தங்காது என்று அவரும் முடிவு கட்டிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாள் முழுக்க இந்த வீட்டில் சத்தமே இல்லை. இவர் கால் வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் நடக்கிறார்.

வாங்க. வந்து ஏதாவது பேசுங்க. தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை. இடது பக்கமாக மட்டும்தான் படுக்க வேண்டுமாம். அந்தப் பக்கம் சுவர் இல்லை.

மகள்


ஆகஸ்ட் 8

என் கண்ணுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் முதல் ட்ரிப் முடிந்து வந்தபோது கையில் கிடைத்தது. இரண்டாவது ட்ரிப்பை வேறொருவரை எடுக்கச் சொல்லிவிட்டு, காலி பஸ்ஸில் போய் உட்கார்ந்து படித்தேன். கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு டீ வைத்துவிட்டுப் போனார்.

மூன்று நாளாக உனக்கு ஒரு கிண்டல் எழுதப் பார்க்கிறேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. நேற்று ஒரு பயணி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ரூட்ல முன்னாடி ஒரு பெரியவர் ஓட்டுவாரே, ரிட்டயர் ஆயிட்டாரா?"ன்னு கேட்டார். எப்படி? பொய்தான். யாரும் கேட்கவில்லை, உனக்காகக் கட்டியது. உண்மையில் கன்னம் கொஞ்சம் தேவலை. சொரசொரப்பு குறைந்திருக்கிறது, நிறம் அப்படியேதான். இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்கிறார் டாக்டர். எனக்கு அவசரம் இல்லை.

நீ நினைத்தது பாதி சரி, பாதி தப்பு. நான் முடிவு எதுவும் கட்டவில்லை. பயந்தேன். எனக்குப் பயம் வந்தால் வாய் தானாக ஓடும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஓடியதும் அதனால்தான். உன் அம்மாவுக்கு அது தெரியும். நான் அதிகமாகச் சிரிக்க வைத்தால் பக்கத்தில் வந்து, என்ன ஆச்சு என்று கேட்பாள். உனக்கும் தெரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சொல்லாமல் எப்படித் தெரியும்? இந்தத் தடவை வாய் ஓடிவிடுமோ என்று பயந்து அதைக் கட்டிப்போட்டேன். அதுவும் உன்னைப் பயமுறுத்திவிட்டது. எப்படிப் பார்த்தாலும் உனக்கு இப்படி ஒரு அப்பா.

இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இதை நான் யாருக்கும் இதுவரை எழுதியதில்லை.

லீவு கேட்கப் போனேன். எத்தனை நாள் என்று மேனேஜர் கேட்டார். என் மகளுக்குக் குழந்தை பிறக்கிற வரைக்கும் என்றேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், வாய் கூசவில்லை. அப்படி ஒரு கணக்கு லீவு ஃபாரத்தில் கிடையாது என்றார். முதலில் ஒரு மாதம் போட்டிருக்கிறார், பிறகு பார்க்கலாம் என்று. களிம்பை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். அந்த ட்யூப் உன் வீட்டு வாசல்படி ஏற வேண்டாம். ஒரு மாதத்துக்கு இந்த மூஞ்சி எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ பேசச் சொன்னால் பேசுகிறேன். போதும் என்று கையைத் தூக்கினால் நிறுத்திவிடுகிறேன். அதற்கு மேலும் பேசினால் மாப்பிள்ளை என்னை டீ குடிக்க அழைத்துப் போகட்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் இறங்குகிறேன். கதவைத் தட்டினால் மாப்பிள்ளையைத் திறக்கச் சொல். நீ எழுந்திருக்காதே.

அப்பா